பெண்டு எடுத்த ஹேண்டில்பார்



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாக இருப்பவர்கள் சேமித்து வைத்து இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். வழக்கமாகப் பள்ளிக்கூட நினைவுகள், கணக்குப் புதிர், தோட்டத்து முருங்கை என்று எழுதுகிறவன் நான். இன்று மண் பாதையில் ஓட்டும் மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பற்றி எழுதப் போகிறேன். "வாத்தியாருக்கு ஏன் இந்த வேலை?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

என் எழுது மேசையில் ஒரு சாண் நீளத்துக்கு அலுமினியக் குழாய்த் துண்டு ஒன்று இருக்கிறது. தாள் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைக்கிறேன். ஒரு முனை வழவழப்பாக இருக்கும். மறுமுனை மணல் மணலாக, ஒடித்த கருப்பட்டி மாதிரி இருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து, "என்னங்க சார் இது?" என்பார்கள். "சும்மா, பழைய இரும்பு" என்று எட்டு மாதமாகச் சொல்லி வந்தேன். அது இரும்பு இல்லை. சும்மாவும் இல்லை.

என் இளைய மகளுக்கு இருபத்தேழு வயது. கோவையில் வேலை. சொந்தச் சம்பளத்தில் எக்ஸ்பல்ஸ் 200 வண்டி வாங்கினாள். வாங்கிய பிறகுதான் எனக்குச் சொன்னாள். ஸ்கூட்டர் மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, ஞாயிற்றுக்கிழமை தோறும் நண்பர்களோடு ஊருக்கு வெளியே ஒரு மண் மைதானத்துக்குப் போய், மேடு பள்ளத்தில் ஏறித் தாண்டி ஓட்டப் பழகுகிறாள் என்று. அவள் அறைச் சுவரில் ஐஸ்வர்யா பிஸ்ஸேயின் படம் ஒட்டியிருந்தது. யாரென்று கேட்டேன். 2019-ல் பாஹா பந்தயங்களின் உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்ற பெங்களூருப் பெண் என்றாள். அந்த வெற்றிக்கு நாலு வரிச் செய்திகூட நான் படித்ததாக நினைவில்லை.

எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. சொந்தக்காரர்களிடம் "புள்ள வண்டி ஓட்டுது" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். என்ன வண்டி, எங்கே ஓட்டுகிறாள் என்று சொல்ல மாட்டேன். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் பெண் முட்டியில் சிராய்ப்போடு நின்றால் என்ன பேசுவார்கள் என்பதுதான் என் கவலை. விழுந்தால் வலிக்குமே என்ற கவலை அதற்கு அடுத்ததாகத்தான் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

வண்டியோடு வந்த இரும்பு ஹேண்டில்பாரை மாற்றி, அலுமினியத்தில் ஒன்று வாங்கிப் போட்டிருந்தாள். நடுவில் குறுக்குக் கம்பி உள்ள வகை. போன வருடம் ஐப்பசியில் ஒரு மேட்டிலிருந்து சரிந்து விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹேண்டில்பாரின் இடது பக்கம் மட்டும் ஆட்டுக்கொம்பு போல உள்ளே வளைந்துவிட்டது. தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது அதைக் கழற்றிக் கொண்டு வந்திருந்தாள்.

"புதுசு வாங்கணும்ப்பா. ஆறாயிரம் ஆகும். அடுத்த மாசச் சம்பளம் வந்ததும் பாத்துக்கறேன்" என்றாள்.

ஆறாயிரம்! நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது பல மாதச் சம்பளம். "ஒரு குழாய் வளைஞ்சதுக்கு ஆறாயிரமா? குடு இங்க. பெண்டு எடுத்தாப் போச்சு" என்றேன்.

எங்கள் ஊரில் என்னிடம் நாலாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். என் டிவிஎஸ் 50-ஐ முப்பது வருடமாக உயிரோடு வைத்திருப்பவர் அவர்தான். அவரிடம் கொண்டு போனேன். கையில் வாங்கித் தட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"அலுமினியமுங்க சார். இரும்பு மாதிரி சொன்ன பேச்சு கேக்காது. வேண்டாமுங்க."

"மொதல்ல பண்ணிப் பாரு. வாத்தியார் சொல்றேன்ல" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? குழாயை வைஸில் பிடித்து, உள்ளே கம்பி விட்டு நெம்பினார். அசையவில்லை. கேஸ் தீயைக் காட்டினார். சூடு ஏறியதும் சொன்ன பேச்சைக் கேட்டது. நேராக வந்துவிட்டது. கூலியாக இருநூறு ரூபாய் வாங்கினார், அதுவும் நான் வற்புறுத்தியதால். வீட்டுக்கு வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். மகளிடம் கொடுத்து, "புதுசு மாதிரி ஆயிருச்சு பாரு" என்றேன். தீ காட்டியதைச் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு என்று இருந்துவிட்டேன்.

நாற்பது வருடம் பிள்ளைகளின் பெண்டை நிமிர்த்தியவன் அல்லவா. வளைந்தது எதுவானாலும் நிமிர்த்திவிடலாம் என்ற எண்ணம் எனக்குள் ஊறியிருந்தது.

நான்காவது ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அவள் தோழியிடமிருந்து போன் வந்தது. சின்ன மேடுதான். தாண்டி இறங்கும்போது ஹேண்டில்பார் இடது பக்கம் கையோடு வந்துவிட்டது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. தலைக்கவசமும் மார்புக் கவசமும் இருந்ததால் அதோடு போயிற்று. ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் தோழி அந்த உடைந்த துண்டை என் கையில் கொடுத்தாள். கிளாம்ப் பிடிக்கும் இடத்தின் விளிம்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, தீ காட்டிய அதே இடத்தில் ஒடிந்திருந்தது. வீட்டுக்காரி என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஏனுங்க, ஆறாயிரத்துக்குக் கணக்குப் பாத்தீங்களே, இப்ப எவ்வளவு ஆச்சு?"

மகள் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவள் ஆறு வாரமும் எங்களோடு ஊரில்தான் இருந்தாள். அந்த நாட்களில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், இந்தக் குழாயைப் பற்றிப் படித்தது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு நின்ற படிப்பு என்னுடையது. உலோகவியல் எல்லாம் தெரியாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உற்பத்தியாளர்கள் வெளியிட்டிருக்கும் கையேடுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். எனக்குப் புரிந்ததை உங்களுக்கும் புரிகிற மாதிரி சொல்கிறேன்.

முதலில் பொருள். இரும்புக் குழாய் வளைந்தால், ஏதோ ஒரு அளவுக்கு நிமிர்த்தலாம். அதுவும் நல்லதல்ல, ஆனாலும் இரும்பு கொஞ்சம் பொறுத்துப் போகும். மண் பாதை வண்டிக்குப் போடும் நல்ல அலுமினிய ஹேண்டில்பார் வேறு சாதி. 7075 என்று ஒரு கலவை, அதில் துத்தநாகம் முக்கியம். 2014 என்று ஒன்று, அதில் செம்பு. 6061 என்று ஒன்று, அதில் மக்னீசியமும் சிலிக்கானும். இந்த எண்களுக்குப் பின்னால் டி6 என்று போட்டிருக்கும். குழாயைச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, பிறகு மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்துப் பக்குவப்படுத்தியிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். பாகு பதம் மாதிரி. அந்தப் பதத்தில்தான் பலம் முழுதும் இருக்கிறது. அதன் மேல் கேஸ் தீயைக் காட்டினால் பதம் கெட்டுவிடும். பார்வைக்கு அதே குழாய்தான், பலம் மட்டும் போய்விடும்.

இன்னொரு ஏமாற்று வேலையும் இருக்கிறது. இரும்பு சூடேறினால் செவசெவ என்று சிவந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் அப்படிச் சிவந்து காட்டாது, பட்டப்பகலில் பார்த்தால் உருகுகிற வரைக்கும் நிறம் மாறாத மாதிரிதான் தெரியும். எவ்வளவு சூடு ஏறியது என்பது பட்டறைக்காரருக்கும் தெரியாது, பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்த வாத்தியாருக்கும் தெரியாது.

சூடு காட்டாமல் நெம்பினாலாவது சரியா? அதுவும் இல்லை. ஒரு கம்பியை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி ஒடிப்போம் அல்லவா? விழுந்தபோது ஒரு முறை வளைந்துவிட்டது. நிமிர்த்தும்போது இரண்டாவது முறை வளைக்கிறோம். உள்ளே மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. அலுமினியத்தின் குணம், சிறு சிறு அதிர்ச்சிகளையும் சேர்த்து வைத்துக்கொண்டே போவது. அதனால்தான் பெரிதாக வளைந்த அலுமினிய ஹேண்டில்பாரை மாற்றுங்கள், நிமிர்த்தாதீர்கள் என்று கையேடுகள் சொல்கின்றன. ஆழமான கீறல் இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். நான் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கினேனே, விரிசல் ஏதாவது தெரிந்திருந்தாலும் அதையும் மறைத்திருப்பேன்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை காபி குடிக்கும்போது மகளிடம் சொல்லிவிட்டேன். "கண்ணு, அந்தக் குழாய்க்குத் தீ காட்டினோம். உன்கிட்ட நான் சொல்லல."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "தெரியும்ப்பா. உள்பக்கம் கருகின நிறம் இருந்துச்சு. மாட்டும்போதே பாத்தேன்."

"தெரிஞ்சுமா போட்டே?"

"நீங்க என் வண்டிக்குன்னு செஞ்ச மொத வேலை அதுதானேப்பா."

இதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. பாடத்துக்குப் போகலாம்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஒரு சோதனை செய்தோம். அறிவியல் பாடத்துக்கு நான் வழக்கமாகச் செய்வதுதான். ஒரே அளவுள்ள இரண்டு செய்தித்தாள் துண்டுகள். ஒன்றை விரல் பருமனுக்கும், மற்றொன்றை அதைவிடக் கொஞ்சம் பருமனாகவும் சுருட்டி ஒட்டுங்கள். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே பாலம் போல வைத்து, நடுவில் ஒரு பையைத் தொங்கவிட்டு ஒவ்வொரு கொய்யாவாகப் போடுங்கள். அதே தாள், அதே எடை. பருமனானது அதிகம் தாங்கும். குழாய் அதே அளவு பொருளில் விரிந்து நின்றால் விறைப்பு கூடும் என்பதுதான் சங்கதி.

ஹேண்டில்பாரிலும் இதே கதைதான். பழைய வகையில் கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் குழாயின் பருமன் 22.2 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலத்தோடு அரைக்கால் அங்குலம் சேர்ந்த அளவு. புதிய வகையில் அந்த இடம் மட்டும் 28.6 மில்லிமீட்டர், ஒன்றே அரைக்கால் அங்குலம். பிறகு கைப்பிடியை நோக்கிப் போகப் போக மெலிந்து 22.2-க்கு வந்துவிடும், ஏனென்றால் கை பிடிக்கிற இடத்தில் பருமன் மாற முடியாது. சுவரின் கனம் ஒன்றாக இருந்தால், இந்த 6.4 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆகவே குறுக்குக் கம்பி இல்லாமலே நிற்கும்.

பழைய வகையில் குறுக்குக் கம்பி எதற்கு? இரண்டு பக்கமும் உள்நோக்கி வளையாமல் முட்டுக் கொடுக்க. நல்லதுதான். ஆனால் முட்டுக் கொடுத்தால் விறைப்பும் கூடும், மேட்டில் இறங்கும் அதிர்ச்சி நேராக மணிக்கட்டுக்கு வரும். குறுக்குக் கம்பி இல்லாத பருமன் வகை, ஓரங்களில் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். அந்த நெளிவுதான் கைக்குச் சுகம். பலமும் வேண்டும், குறுக்குக் கம்பியும் வேண்டும் என்று பெரிய பந்தயக்காரர்கள் குழாய்க்குள் குழாய் வைத்த வகையைப் போடுகிறார்கள். கைவலி உள்ளவர்களுக்காக, கீல் வைத்து நடுவில் ரப்பர் மாதிரி மெத்தைத் துண்டு வைத்த வகைகூட உண்டு, விலைதான் எட்டாது. விறைப்பும் சுகமும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள். ஒன்றைக் கூட்டினால் மற்றதில் குறையும்.

இந்த விளையாட்டு பிறந்தது இங்கிலாந்தில். 1924-ல் சர்ரே மாவட்டத்தில் காம்பர்லி என்ற இடத்தில் நடந்த பந்தயத்தைத்தான் தொடக்கமாகச் சொல்கிறார்கள். அதே நாட்டில் 1969-ல் ஆண்ட்ரூ ரென்ஷா, ஹென்றி ரோசந்தால் என்ற இருவர் தங்கள் பெயரில் பாதி பாதி எடுத்து 'ரென்தால்' என்று பெயர் வைத்து ஹேண்டில்பார் செய்யத் தொடங்கினார்கள். இத்தனை வருடம் ஒரு குழாயையே யோசித்துக்கொண்டிருக்கிறது ஒரு நிறுவனம்! 'ஒரு குழாய் வளைஞ்சதுக்கு' என்று நான் பேசியது நினைவுக்கு வந்தது.

கட்டுப் பிரித்து, மருத்துவர் சொன்ன பயிற்சிகளெல்லாம் முடிந்து, வண்டியைத் தொடலாம் என்ற பிறகு, மகளோடு கோவைக்குப் போனேன். கடைக்காரப் பையனுக்கு என்னைப் பார்த்ததும் சிரிப்பு. "அப்பா எதுக்குங்கக்கா?" என்று அவளிடம் கேட்டான். "பணம் குடுக்க வந்திருக்காரு" என்றாள். அது உண்மைதான்.

அங்கே கற்றதையும் சொல்கிறேன். பலம் எல்லோருக்கும் ஒன்று. சுகம் ஆளுக்கு ஆள் வேறு. ஐந்தடி இரண்டங்குலம் உள்ள என் மகளுக்கு ஏற்றது, ஆறடி ஆளுக்கு ஏறாது. அவள் முன்பு வாங்கிய ஹேண்டில்பார் படத்தில் அழகாக இருந்ததால் வாங்கியது. 820 மில்லிமீட்டர் அகலம், உயரமும் அதிகம். ஓட்டி வந்தால் தோள்பட்டை இரண்டும் கழன்று போகிற மாதிரி வலிக்கும் என்பாள். வலிக்கிறதென்றால் ஓட்டாதே என்பதுதான் அன்று நான் சொன்ன வைத்தியம்.

வண்டியை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, அவளை ஃபுட்ரெஸ்ட் மேல் ஏறி நிற்கச் சொன்னான் அந்தப் பையன். மண் பாதையில் பாதி நேரம் நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும். ஆகவே உட்கார்ந்து பார்த்து ஹேண்டில்பார் வாங்கக் கூடாது. முட்டியைச் சற்று மடக்கி, இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கையை இயல்பாக நீட்டச் சொன்னான். கை எங்கே வந்து நிற்கிறதோ அங்கே கைப்பிடி இருக்க வேண்டும். நான் பக்கத்தில் நின்று, அவள் விழாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். சைக்கிள் பழகிக் கொடுத்தபோது பிடித்தது. அதற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

பார்க்க வேண்டிய அளவுகள் இவை:

1. அகலம். முனைக்கு முனை. பெரும்பாலும் 800 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அகலம் கூடினால் திருப்புவது லேசு, ஆனால் தோள் விரிந்து வலிக்கும், மரத்துக்கு நடுவே போனால் இடிக்கும். குறைந்தால் வண்டி கைக்கு அடங்காது. அகலமாக இருப்பதை அறுத்துக் குறைக்கலாம், அறுத்ததை ஒட்ட முடியாது. அதனால் எல்லாச் சாமான்களையும் மாட்டி, கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்த பிறகே, இரண்டு பக்கமும் சமமாக அறுக்க வேண்டும்.

2. உயரம். குள்ளமாக இருந்தால் நின்று ஓட்டும்போது முதுகு கூனும், இடுப்பு வலிக்கும். அதிகமாக இருந்தால் குட்டை ஆளுக்கு முன் சக்கரத்தின் மேல் பாரம் விழாது, வளைவில் முன் சக்கரம் நழுவும்.

3. பின்வளைவு. கைப்பிடிகள் ஓட்டுபவரை நோக்கி எவ்வளவு மடங்கி வருகின்றன என்பது. அதிகமானால் முழங்கை கீழே தொங்கும், திருப்பும்போது முட்டியில் இடிக்கும். குறைந்தால் மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும்.

4. கிளாம்ப் பருமன். 22.2-க்கான கிளாம்பில் 28.6 ஏறாது. ஹேண்டில்பார் விலையோடு கிளாம்ப் மாற்றும் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

5. முனையின் உள்துளை. கையைக் காக்கும் கார்டு போடுவதாக இருந்தால், அதன் போல்ட் உள்ளே போகுமா என்று பார்க்க வேண்டும். கார்டு போடாவிட்டால் முனை கட்டாயம் மூடியிருக்க வேண்டும். திறந்த குழாய் முனை விழும்போது வயிற்றில் குத்தினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை.

கடைசியில் 28.6 பருமனில், நடுத்தரத்துக்கும் சற்றுக் குறைந்த உயரத்தில், 800 அகலத்தில் ஒன்றை எடுத்தோம். பிராண்டு பெயர் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். கிளாம்பும் சேர்த்துப் பத்தாயிரத்தைத் தாண்டியது. பணத்தை எண்ணிக் கொடுத்தபோது என் கை நடுங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியதும் உண்டு. கிளாம்ப் போல்ட்டைக் கைப்பலத்துக்கு முறுக்கக் கூடாது. டார்க் ரெஞ்சு வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கே முறுக்க வேண்டும். எந்தப் பக்கத்து போல்ட்டை முதலில் இறுக்குவது என்பதும் அதில் இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் கிளாம்பின் விளிம்பு குழாயைக் கடித்துவிடும், விரிசல் அங்கேதான் தொடங்கும். ஹேண்டில்பாரின் எழுச்சி முன் ஃபோர்க்கின் சாய்வோடு ஒத்துப் போகிற மாதிரி வைத்துத் தொடங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முன்பின் உருட்டிப் பார்க்கலாம். பிரேக், கிளட்ச் லீவர்களின் கிளாம்பை இரும்புப் பிடியாக முறுக்காமல், பலமாகத் தட்டினால் சுழலும் அளவுக்கு விடுவது நல்லது. விழுந்தால் லீவர் ஒடியாது, திரும்பிக்கொள்ளும்.

கடைசிச் சோதனை முக்கியம். எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். ஹேண்டில்பாரை உயர்த்தியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிரேக் ஹோஸும் இழுபடக் கூடாது.

இரண்டு வாரம் ஓட்டிவிட்டுத் தோளில் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது என்றாள். பக்கத்துக்கு பத்து மில்லிமீட்டர் குறைக்க முடிவு செய்தோம். ஊருக்கு வந்திருந்தபோது, என் பழைய மாணவர் பட்டறையில்தான் அந்த வேலை நடந்தது. அந்தத் தம்பியைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் நாலு மாதமாக என் கண்ணில் படாமல் ஒதுங்கியே போய்க்கொண்டிருந்தார். "நீ வேண்டாம்னு சொன்னே. நாந்தான் கேக்கல. தப்பு என்னுது" என்று அவருடைய வேலையாட்கள் முன்னாலேயே சொன்னேன். "விடுங்க சார்" என்றார். பிறகு டேப்பை எடுத்து மகளிடம் கொடுத்து, "நீங்களே கோடு போடுங்க கண்ணு, நான் அறுக்கறேன்" என்றார். அவள் கோடு போட, அவர் அறுக்க, நான் அரம் வைத்துப் பிசிர் எடுத்தேன். கூலி வாங்க மறுத்துவிட்டார். இந்த முறை நானும் வற்புறுத்தவில்லை, ஒரு சீப்பு பூவன்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு முதல் முறையாக அந்த மண் மைதானத்துக்குப் போனேன். வீட்டுக்காரி வரவில்லை, "எனக்கு அந்தத் தைரியம் இல்லீங்க" என்றுவிட்டாள். ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். புழுதியில் முதலில் யார் யாரென்று தெரியவில்லை. பிறகு அடையாளம் கண்டுகொண்டேன். எழுந்து நின்று, முழங்கைகளை வெளியே விரித்து, முதுகு கூனாமல் ஓட்டி வந்தாள். மேட்டில் ஏறி, கொஞ்ச நேரம் மண்ணில் படாமல் இருந்து, இறங்கினாள். இறங்கும் நொடியில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அவள் அடுத்த திருப்பத்துக்குப் போய்விட்டிருந்தாள்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போகாது. கல்யாணப் பேச்சில் இனிமேல் மறைப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். என் மகள் மண் பாதையில் வண்டி ஓட்டுகிறாள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவதாக இருக்கிறேன். இந்தப் பதிவே அதற்குத்தான் என்றும் வைத்துக்கொள்ளலாம். இதைப் படிக்கும் சொந்தக்காரர்கள் கவனிக்கவும்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வண்டி எந்த வகையாகவும் இருக்கட்டும். விழுந்து எழுந்து வந்த வண்டியின் ஹேண்டில்பாரை ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள். கிளாம்ப் விளிம்பில் கீறல், வளைவில் சுருக்கம், நேர்ப்பார்வைக்கு ஒரு பக்கம் ஏறி இறங்கி இருப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் பெண்டு எடுக்கக் கொண்டு போகாதீர்கள். மாற்றிவிடுங்கள். காசில்லை என்றால், மாற்றும் வரை வண்டியை நிறுத்தி வையுங்கள்.

அந்த உடைந்த துண்டு இன்னும் மேசையில்தான் இருக்கிறது. இனி யாராவது என்னவென்று கேட்டால் இந்தப் பதிவைக் காட்டுவேன்.

 அளவுகளில் பிழை இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் திருத்துங்கள். வாத்தியாருக்கும் திருத்தம் வேண்டும்.